அண்ணன் பெயர் வாட்ஸ்லாவ்

செக் நாட்டுக் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் ஒரு பெயர் அச்சாகியிருக்கும். அந்தப் பெயர் உள்ளவர்களுக்கு அன்று பெயர்நாள். பிறந்தநாள் அளவுக்கு ஆர்ப்பாட்டம் கிடையாது. வீட்டில் பூவோ சாக்லேட்டோ கொடுப்பார்கள். அலுவலகம் என்றால் பெயர்நாள்காரர்தான் செலவு செய்ய வேண்டும். ரொட்டித் துண்டின் மேல் உருளைக்கிழங்கு சாலட், ஹாம், அவித்த முட்டை எல்லாம் அடுக்கிய தட்டு ஒன்று காபி மெஷின் பக்கத்தில் வந்து உட்காரும். செப்டம்பர் 28 வாட்ஸ்லாவ்களின் நாள். ஆனால் அன்று அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், 2000-ஆம் ஆண்டிலிருந்து அது அரசு விடுமுறை. அதனால் நான் பிராகில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் தளத்து வாட்ஸ்லாவ்கள் எல்லாரும் முந்தின நாளே தட்டை வைத்துவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

விடுமுறைக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் 'செக் அரசுரிமை நாள்'. சுதந்திரம் கிடைத்த நாளோ போர் முடிந்த நாளோ அல்ல. ஓர் அண்ணனைத் தம்பி வெட்டிக் கொன்ற நாள்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. நம் பத்திரிகைகள் முன்னாள் செக் ஜனாதிபதியை 'வாக்லாவ் ஹாவெல்' என்று எழுதிப் பழகியது ஆங்கில எழுத்தைப் பார்த்து. செக்காரர் வாயில் நடுவில் வருவது 'ட்ஸ்'. கடைசி எழுத்தும் 'ஃப்' என்றுதான் ஒலிக்கும், ஆனால் அது கண்ணுக்கு ஒட்டவில்லை, நான் 'வாட்ஸ்லாவ்' என்றே எழுதப் போகிறேன். நேரில் யாரும் இதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பது வேறு விஷயம். வாஷெக், வென்ட்சா, குழந்தை என்றால் வாஷீக். முழுப் பெயர் சொல்லி அழைத்தால் ஏதோ கோபம் என்று அர்த்தம்.

சரி, அண்ணன் தம்பி கதைக்கு வருவோம்.

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். பிராகைச் சுற்றி ஒரு சிறிய பிரபுநாடு, பொஹீமியா. ஆண்டுகொண்டிருந்த வ்ராட்டிஸ்லாவ் 921-இல் இறந்துபோனார். மூத்த மகன் வாட்ஸ்லாவ் சிறுவன், ஆள வயது போதாது. அவனை வளர்த்தது பாட்டி லுட்மிலா, பக்தியான கிறிஸ்தவப் பெண்மணி. தாய் த்ராஹோமீராவுக்கும் மாமியாருக்கும் ஆகவில்லை. பையன் யார் கையில் இருக்கிறானோ அவர் கையில்தான் நாடு என்ற நிலையில் மாமியார்–மருமகள் சண்டை எவ்வளவு தூரம் போகும்? அதே 921 செப்டம்பரில் தேட்டீன் என்ற கோட்டைக்கு த்ராஹோமீராவின் ஆட்கள் போனார்கள். லுட்மிலாவை அவருடைய முக்காட்டுத் துணியாலேயே கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். இந்தப் பாட்டியும் பிற்பாடு புனிதர் ஆனார்.

வாட்ஸ்லாவ் வளர்ந்து ஆட்சிக்கு வந்தார். லத்தீனும் ஸ்லாவிய எழுத்தும் படித்தவர். அந்தக் காலத்து ஆட்சியாளர்களில் படிப்பு என்பதே அபூர்வம். 929-இல் ஜெர்மானிய மன்னர் ஹென்றி படையோடு பிராக் வாசலுக்கு வந்து நின்றபோது சண்டை போடவில்லை, பணிந்து கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார். ஹென்றி கொடுத்ததாகச் சொல்லப்படும் புனித வீட்டஸின் கை எலும்பை வைத்து பிராக் கோட்டைக்குள் வட்ட வடிவத் தேவாலயம் ஒன்றைக் கட்டினார். இன்றைக்கு அந்த இடத்தில்தான் வீட்டஸ் பேராலயம் நிற்கிறது. இவரைப் பற்றி ஓரளவு நம்பிச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அவர் செத்த பிறகு துறவிகள் எழுதிய வரலாறுகள். ராத்திரியில் ரகசியமாகப் போய் திராட்சை பறித்துத் தானே நற்கருணை ரசம் பிழிந்தார், ஏழைகளுக்கு விறகு சுமந்தார், தூக்குமரங்களைப் பிடுங்கி எறிந்தார் என்பதெல்லாம் அங்கேயிருந்து வந்தவை.

தம்பி போலெஸ்லாவுக்கு அண்ணனின் பணிவு பிடிக்கவில்லை என்கிறார்கள் சிலர். வெறும் நாற்காலி ஆசை என்கிறார்கள் சிலர். தன் கோட்டையில் புனித கோஸ்மாஸ், தமியான் ஆலயத் திருவிழாவுக்கு அண்ணனை விருந்துக்கு அழைத்தான். மறுநாள் விடியலில் பிரார்த்தனைக்குப் போகும் வழியில் வாளை ஓங்கினான். அண்ணன் பலசாலி, தம்பியைக் கீழே தள்ளிவிட்டார் என்று கதை சொல்கிறது. அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆலயக் கதவு வரை ஓடி, கதவு வளையத்தைப் பிடித்தபடி செத்தார். சிங்கத் தலை வாயில் கவ்விய அந்த வளையம் என்று சொல்லப்படுவது பிராக் பேராலயத்தில் அவர் பெயரிலுள்ள சிற்றாலயத்தின் கதவில் இன்றும் தொங்குகிறது. கொலை நடந்த ஆண்டு 929 என்று ஒரு கணக்கு, 935 என்று ஒரு கணக்கு. இப்போது பெரும்பாலோர் 935 பக்கம். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்ற நம் பழமொழியை இந்த ஊர்க்காரர்களிடம் சொல்லிப் பயனில்லை.

விருந்து நடந்த அன்றே போலெஸ்லாவுக்கு ஒரு மகன் பிறந்தான் என்றும் அவனுக்கு 'பயங்கர விருந்து' என்று பொருள்படும் ஸ்ட்ராக்வாஸ் என்ற பெயரை வைத்தார்கள் என்றும் பழைய வரலாற்று நூல் ஒன்று சொல்கிறது. பெயர் வைப்பதில் இப்படியும் ஒரு குரூரம்.

இங்கே எனக்கு ஒரு வழக்கு உண்டு. போலெஸ்லாவ் கொலைகாரன், சந்தேகமே இல்லை. ஆனால் செக் அரசு என்ற ஒன்றைக் கட்டியவன் அவன்தான். நாட்டின் முதல் நாணயங்களை அடித்தவன் அவன். ஜெர்மானியர்களோடு பல ஆண்டுகள் மோதிவிட்டு, 955-இல் லெக்ஃபெல்ட் போரில் அவர்களோடு சேர்ந்தே ஹங்கேரியப் படைகளை எதிர்க்க ஆள் அனுப்பியவன். 965 வாக்கில் பிராக் வந்த இப்ராகிம் இப்னு யாகூப் என்ற பயணி, கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய நகரம், வியாபாரம் கொழிக்கும் ஊர் என்று எழுதிவைத்தது அவனுடைய பிராகைத்தான். அண்ணன் சடலத்தை பிராகுக்குக் கொண்டுவந்து மரியாதையாக அடக்கம் செய்ததும் அவனே. மனசாட்சியா, அரசியலா, தெரியாது. ஒரு புனிதர் குடும்பத்தில் இருந்தால் ஆட்சிக்கு நல்லது என்று கணக்குப் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. இத்தனையும் செய்தவனுக்கு வரலாறு கொடுத்த பட்டம் 'கொடியவன்'. அரசுரிமை நாள் விடுமுறை மட்டும் அண்ணன் பெயரில்.

இரண்டு பெயர்களுக்கும் பொருள் ஏறக்குறைய ஒன்றே: 'கூடுதல் புகழ்'. இரண்டு மகன்களுக்கும் ஒரே வாழ்த்தைச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்தத் தம்பி பெயர் என்ன ஆயிற்று என்று தேடிப்போனால் போலந்தில் கிடைக்கிறது. போலெஸ்லாவின் மகள் தோப்ராவா போலந்து ஆட்சியாளர் மியெஷ்கோவை மணந்தாள். அடுத்த ஆண்டே, 966-இல், மியெஷ்கோ ஞானஸ்நானம் பெற்றார். போலந்து தன் கிறிஸ்தவ வரலாற்றை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது. அவர்களுக்குப் பிறந்த மகனுக்குத் தாத்தாவின் பெயர், போலந்து உச்சரிப்பில் போலெஸ்வாவ். 1025-இல் போலந்தின் முதல் மன்னராக முடிசூடியவர் அவர். அதிலிருந்து போலந்தில் அது அரசர் பெயர். செக் நாட்டில் பெரும்பாலும் ஊர்ப் பெயராகத் தங்கிவிட்டது. கொலை நடந்த ஊரே ஸ்டாரா போலெஸ்லாவ், கொலைகாரன் பெயரிலேயே இருக்கிறது. அதே பெயர் கொண்ட அவன் மகன் பெயரில் உள்ள ம்லாடா போலெஸ்லாவ் ஊரில் ஸ்கோடா கார் செய்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, செக் ஆளும் குடும்பம் வாட்ஸ்லாவ் பெயரை அரியணையில் மறுபடி ஏற்ற 1191 வரை எடுத்துக்கொண்டது. ஆண்டவர்கள் எல்லாரும் தம்பியின் வாரிசுகள் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தத் தயக்கம் புரிகிற மாதிரி இருக்கிறது. ஆனால் அதற்குள் புனிதரே நாட்டின் நிரந்தர ஆட்சியாளர் என்றும், உயிரோடு இருக்கும் பிரபு அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருப்பவர் மட்டுமே என்றும் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. நாணயத்தில் அவர் உருவம், முத்திரையில் அவர் உருவம். நாட்டின் மிகப் பழைய பாடல்களில் ஒன்று அவரை நோக்கிய வேண்டுதல். எங்களையும் இனி வரப்போகிறவர்களையும் அழிய விடாதே என்று கேட்கிறது. ஞானஸ்நானத் தொட்டியில் யாருக்கு இந்தப் பெயரை வைத்தாலும் அந்த வேண்டுதலும் கூடவே தலையில் ஏறிக்கொண்டது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வரிசையாக வந்தார்கள். இப்போது பிரபு அல்ல, மன்னர்கள். எண்ணிக்கையும் ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது, படிக்கிறவர்களைக் குழப்புவதற்கென்றே. முதலாம் மன்னர் வாட்ஸ்லாவ் வேட்டையில் ஒரு கண்ணை இழந்தவர். அவர் மகன் ஓட்டகார் போர்க்களத்தில் இறந்தபோது பேரன் இரண்டாம் வாட்ஸ்லாவ் ஏழு வயதுகூட நிரம்பாத பிள்ளை. பாதுகாவலராக வந்த உறவினரே அவனைக் கோட்டையில் அடைத்துவைத்தார். தப்பிப் பிழைத்து அரசனானதும் அதிர்ஷ்டம் மண்ணுக்கடியிலிருந்து வந்தது. குட்னா ஹோராவில் வெள்ளி கிடைத்தது. 1300-இல் இத்தாலிய நிபுணர்களை வரவழைத்து பிராக் குரோஷன் என்ற வெள்ளி நாணயத்தை அடித்தான். மத்திய ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியான காசு. அதே ஆண்டு போலந்துக்கும் மன்னன். ஐந்து வருடத்தில், 33 வயதில், செத்துப்போனான்.

அவன் மகன் மூன்றாம் வாட்ஸ்லாவ் கதை இன்னும் சின்னது. பதினொரு வயதில் ஹங்கேரிக்கு மன்னன் ஆக்கினார்கள். அங்கே இந்தப் பெயர் எடுபடாது என்று லாஸ்லோ என்று மாற்றி முடிசூட்டினார்கள். ஹங்கேரி நிலைக்கவில்லை. 1306 ஆகஸ்ட் 4, ஓலோமோட்ஸ் நகரில், போலந்துப் படையெடுப்புக்குப் போகும் வழியில் தங்கியிருந்தபோது யாரோ கத்தியால் குத்தினார்கள். பதினாறு வயது. யார் அனுப்பிய ஆள் என்று இன்றுவரை தீர்க்கப்படவில்லை. நானூறு வருடங்களுக்கு மேல் ஆண்ட ப்ஷெமிஸ்ல் வம்சத்தின் ஆண்வழி அத்தோடு முடிந்தது.

அவனுடைய அக்கா தங்கைகளில் ஒருத்தி எலிஷ்கா, லக்ஸம்பர்க் வம்சத்து யோஹானை மணந்தாள். 1316-இல் மகன் பிறந்தான். நம்மூரில் போலவே தாத்தா பெயர்: வாட்ஸ்லாவ். ஏழு வயதில் தகப்பன் அவனைத் தாயிடமிருந்து பிரித்து பாரிஸ் அரண்மனைக்கு அனுப்பினான். அங்கே உறுதிபூசுதல் சடங்கில் பிரெஞ்சு மன்னர் சார்லஸின் பெயரைச் சூட்டிக்கொண்டான். உலக வரலாற்றில் அவன் நான்காம் சார்லஸ், புனித ரோமப் பேரரசன். பிராகின் பாலத்துக்கும் 1348-இல் அவன் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கும் இந்த இரண்டாவது பெயர்தான்.

இந்த மனிதரைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கிறது. ஊர் திரும்பியபோது செக் மொழியே மறந்துபோயிருந்தது, மறுபடி கற்றுக்கொண்டேன் என்று தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். பெயரை விட்டுக்கொடுத்தவர் ஆயுசு முழுக்க அந்தப் பெயருக்கே செலவழித்தார். புதிய மணிமுடி ஒன்றைச் செய்து அது தன்னுடையது அல்ல, வாட்ஸ்லாவுடையது என்று அறிவித்தார். புனிதரின் மண்டையோட்டின் மேல்தான் அது இருக்கும், முடிசூட்டு விழாவுக்கு மட்டும் மன்னர்கள் இரவல் வாங்கிக்கொள்ளலாம். பேராலயத்தில் விலையுயர்ந்த கற்கள் பதித்த சிற்றாலயம் கட்டினார். புனிதரின் வரலாற்றைத் தானே உட்கார்ந்து எழுதினார். மகனுக்கு வாட்ஸ்லாவ் என்று வைத்தார், அது கைக்குழந்தையாகவே இறந்தது. அடுத்து வந்த மகனுக்கும் அதையே வைத்தார். அவருடைய அப்பா யோஹானும் இதற்கிடையில் இரண்டாம் மனைவிக்குப் பிறந்த பிள்ளைக்கு அதே பெயரைத்தான் வைத்திருந்தார். ஆக, அண்ணன் ஞானஸ்நானத்தில் பெற்று விட்டுவிட்ட பெயரைத் தம்பி சுமந்தார்.

அந்த மணிமுடியைப் பற்றி ஒரு கதை. உரிமையில்லாதவன் தலையில் வைத்தால் ஒரு வருடத்தில் சாவான். 1941-இல் நாஜி அதிகாரி ஹைட்ரிஷ் முடி இருக்கும் அறையின் சாவிகளை வாங்கிக்கொண்டான். தலையில் வைத்துப் பார்த்தான் என்றும் சொல்வார்கள். அடுத்த மே மாதம் பிராக் தெருவில் அவன் கார் மீது குண்டு விழுந்தது, ஜூன் 4-இல் செத்தான். முடியை வைத்துப் பார்த்தான் என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் கதையை நம்பாமல் சொல்லும் செக்காரரையும் நான் பார்த்ததில்லை.

சார்லஸ் ஆசை ஆசையாகப் பெயர் வைத்த மகன், நான்காம் வாட்ஸ்லாவ், அப்பா அளவுக்கு வரவில்லை. இரண்டு வயதில் முடிசூட்டப்பட்டவனுக்கு வேட்டையும் மதுவும்தான் பிடித்தன என்று வரலாறு எழுதிவைத்திருக்கிறது. எழுதியவர்களில் பாதிப்பேர் அவனுடைய எதிரிகள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1400-இல் ஜெர்மானிய இளவரசர்கள் 'உதவாக்கரை' என்று சொல்லி அவனை ரோம மன்னர் பதவியிலிருந்து இறக்கினார்கள். இரண்டு முறை சிறைவைக்கப்பட்டான்; இரண்டாவது முறை சிறைவைத்தது தம்பி சிகிஸ்முண்ட். இந்தப் பெயருக்கும் தம்பிகளுக்கும் ஏதோ ஆகாது போல. சிறையிலிருந்து குளியல்கூடப் பணிப்பெண் ஒருத்தி தப்புவித்தாள் என்று நாட்டுப்புறக் கதை உண்டு. அவனுக்காக எழுதப்பட்ட ஓவிய பைபிளின் ஓரங்களிலும் வாளியோடு குளியல்கூடப் பெண்கள் நிற்கிறார்கள். 1393-இல் தேவாலய அதிகாரி ஒருவரைச் சித்திரவதை செய்து வல்ட்டாவா ஆற்றில் தள்ளச் சொன்னான். அவர்தான் நேபோமுக் ஊர் யான், பிற்காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பாலங்களில் சிலையாக நிற்கும் புனிதர். முதல் வாட்ஸ்லாவ் கொல்லப்பட்டுப் புனிதரானார், இந்த வாட்ஸ்லாவ் கொன்று ஒரு புனிதரை உண்டாக்கினான். 1419-இல் மதச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் ஆதரவாளர்கள் நகரசபை உறுப்பினர்களை ஜன்னல் வழியே தூக்கி எறிந்த செய்தி கேட்டு ஆத்திரத்தில் பக்கவாதம் வந்து இறந்தான். அவனுக்குப் பிறகு பொஹீமியாவுக்கு இந்தப் பெயரில் மன்னர் இல்லை.

அரண்மனையை விட்டு இறங்கிய பெயர் அங்கிருந்து தெருவுக்கு வந்தது. ஜெர்மன் நாக்கில் அது வென்ட்ஸல். பெரிய இடத்தில் அலங்காரமாகச் சேர்ந்துகொண்டது: ஆஸ்திரியாவை ஆட்டிப்படைத்த சான்சலர் மெட்டர்னிஷ் முழுப்பெயரில் கிளெமென்ஸ் வென்ட்ஸல்; இசைக் கச்சேரிகளில் கைதட்டித் தாளம் போட வைக்கும் அணிவகுப்பு இசைக்குப் பெயர் தந்த தளபதி ராடெட்ஸ்கியும் யோஹான் யோசஃப் வென்ட்ஸல். ஆனால் பொஹீமியக் கிராமங்களில் எத்தனையோ வேலைக்காரர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் இதே பெயர் என்பதால், வென்ட்ஸல் என்றாலே எடுபிடி என்று ஆகிவிட்டது. ஜெர்மானியர்களின் ஸ்காட் சீட்டாட்டத்தில் ஜாக்கிக்கு இன்னும் 'வென்ட்ஸல்' என்ற பெயர் உண்டு. அந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் ராஜாவையும் வெட்டும் துருப்பு என்பதை என் செக் சக ஊழியர் ஒருவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். செக்காரர்களே 1866-இல் மேடையேற்றிய ஸ்மெட்டனாவின் புகழ்பெற்ற ஓபராவில் வாஷெக் என்பவன் திக்குவாய் மாப்பிள்ளை, பெண் கிடைக்காமல் போகிறவன்.

வெளியூர் போன வாட்ஸ்லாவ்கள் தனிக் கூட்டம். 1607-இல் பிராகில் பிறந்த ஹோலர் லண்டனில் போய்ச் செப்புத்தகட்டில் செதுக்கினார். 1666 பெருந்தீக்கு முன்னும் பின்னும் லண்டன் எப்படி இருந்தது என்பதை இன்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு அவர் கையால். போலந்தில் இது வாட்ஸ்வாவ். முக்கோணத்துக்குள் முக்கோணமாகப் போய்க்கொண்டே இருக்கும் வடிவத்துக்குப் பெயர் தந்த கணித மேதை செர்பின்ஸ்கி, பாலே மேடையில் பறந்த நிஜின்ஸ்கி இரண்டு பேரும் வாட்ஸ்வாவ்கள். ரஷ்யாவில் வியாசெஸ்லாவ், சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவின் முதல் பெயர் அதுதான். ஹிட்லரின் அமைச்சரோடு 1939-இல் ஒப்பந்தம் போட்டவரும், ஏழைகளுக்கு விறகு சுமந்ததாகச் சொல்லப்படுபவரும் பெயரளவில் ஒன்று என்பது ஜீரணிக்கச் சிரமமாகத்தான் இருக்கிறது.

ஆங்கில உலகத்துக்குப் புனித வாட்ஸ்லாவைக் கொண்டுபோனது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. கான்வென்ட் பள்ளியில் படித்தவர்களுக்கு 'நல்ல மன்னர் வென்செஸ்லாஸ்' தெரிந்திருக்கும். பனியில் விறகு பொறுக்கும் ஏழையைப் பார்த்து மன்னர் இறைச்சியும் மதுவும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், குளிரில் தளரும் பணியாள் அவர் காலடித் தடத்தில் கால் வைத்து நடக்கிறான். 1853-இல் ஜான் மேசன் நீல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதியது. மெட்டு அதற்கு முன்பே, 1582-இல் அச்சான ஒரு தொகுப்பில் இருந்த வசந்தகாலப் பாட்டின் மெட்டு. உண்மையில் வாட்ஸ்லாவ் மன்னரும் அல்ல, பிரபு. இந்தப் பாட்டைப் பற்றிச் செக்காரர்களிடம் கேட்டால் பலருக்குத் தெரியவே தெரியாது.

பிராகில் எல்லாரும் போகும் வாட்ஸ்லாவ் சதுக்கம் சதுரம் அல்ல, முக்கால் கிலோமீட்டர் நீளத் தெரு. நான்காம் சார்லஸ் அதைக் குதிரைச் சந்தையாக அமைத்தார். 1848-இல், ஐரோப்பா முழுக்கப் புரட்சி பேசிய ஆண்டில், பத்திரிகையாளர் ஹாவ்லீச்செக் யோசனைப்படி புனிதர் பெயர் வைத்தார்கள். மேல்முனையில் குதிரை மேல் அமர்ந்த சிலையைச் செய்தவர் யோசஃப் வாட்ஸ்லாவ் மிஸ்ல்பெக். 1887-இல் கையில் எடுத்த வேலை; சுற்றி நிற்கும் நான்கு புனிதர்களில் கடைசிச் சிலை 1924-இல் வந்து சேர்ந்தபோது சிற்பி உயிரோடு இல்லை. பாட்டி லுட்மிலாவும் அந்த நால்வரில் ஒருத்தி. பீடத்தைச் சுற்றி அந்தப் பழைய வேண்டுதல் வரிகள்.

நாட்டுக்கு என்ன நடந்தாலும் ஜனங்கள் அந்தக் குதிரையடிக்குத்தான் ஓடி வருகிறார்கள். 1918 சுதந்திரத்துக்கு வந்தார்கள். 1968-இல் சோவியத் டாங்குகள் வந்து நின்றபோது வந்தார்கள். 1969 ஜனவரி 16 அன்று யான் பாலாக் என்ற மாணவர் தன்னைத் தீவைத்துக்கொண்டது அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், தேசிய அருங்காட்சியகத்தின் முன்னால். நாஜிகளும் இந்தப் பெயரை விட்டுவைக்கவில்லை. ஜெர்மானிய மன்னருக்குப் பணிந்த புத்திசாலிப் பிரபு என்று அவரைக் கொண்டாடி, 1944-இல் தங்களுக்கு ஒத்துழைத்தவர்களுக்கு வாட்ஸ்லாவ் கழுகுப் பதக்கம் குத்திவிட்டார்கள். அதைப் பெற்றுக்கொண்டவர்கள் பாடு போர் முடிந்தபின் திண்டாட்டமாயிற்று.

1989 நவம்பர் 12 அன்று ரோமில் போப் ஆண்டவர் அனெஷ்கா என்ற செக் இளவரசியைப் புனிதராக அறிவித்தார். ஒற்றைக்கண் மன்னர் வாட்ஸ்லாவின் சகோதரி, பேரரசரின் பெண்கேட்பையே மறுத்து மடத்துக்குப் போனவர். அவர் சிலையும் சதுக்கத்தில் உண்டு. அனெஷ்கா புனிதரானால் நாட்டுக்கு நல்ல காலம் என்று பழைய சொல் ஒன்று இருந்தது. ஐந்தாம் நாள், நவம்பர் 17, பிராகில் மாணவர் ஊர்வலத்தை கம்யூனிஸ்ட் அரசின் போலீஸ் அடித்தது. அடுத்த சில நாட்களில் சதுக்கம் நிரம்பியது. மெலன்ட்ரிக் கட்டிட பால்கனியில் ஒரு நாடகாசிரியர் வந்து நின்றார். டிசம்பர் 29-இல் அவர் ஜனாதிபதி. அப்பா பெயர் வாட்ஸ்லாவ், தாத்தா பெயரும் அதுவே. மூன்றாம் தலைமுறை வாட்ஸ்லாவ் ஹாவெல்.

அவருக்குப் பின் 2003-இல் வந்தவரும் வாட்ஸ்லாவ்தான், கிளவுஸ். இரண்டு பேருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. ஒருவர் மனசாட்சி பற்றிப் பேசுவார், இன்னொருவர் சந்தைப் பொருளாதாரம் பற்றி. நடுவில் சில மாதம் தவிர 1989 கடைசியிலிருந்து 2013 வரை நாட்டின் தலைவர் ஒரு வாட்ஸ்லாவ். கிளவுஸை வெளியுலகம் அதிகம் பார்த்தது 2011-இல் சிலியில் ஒரு நிகழ்ச்சி மேசையிலிருந்த பேனாவை அவர் மெதுவாகக் கோட்டுக்குள் போட்டுக்கொள்ளும் வீடியோவில். சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே லுட்ஸெர்னா என்ற கடைவளாகம், ஹாவெலின் தாத்தா கட்டியது. அதன் கூரையில் குதிரை ஒன்று கால் கட்டித் தலைகீழாகத் தொங்குகிறது, செத்த குதிரை. அதன் வயிற்றின் மேல் புனிதர் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். டாவிட் செர்னி 1999-இல் செய்தது. கிளவுஸைக் கிண்டல் செய்கிறது என்பார்கள் பலர். எனக்கென்னவோ வெளியே இருக்கும் சிலையைவிட இதுதான் இந்தப் பெயரின் வரலாற்றுக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு யாக்குப், யான், மட்டியாஷ் என்றுதான் வைக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு வாஷெக்கின் அப்பாவுக்கும் அதே பெயர். ஒரே வீடு, ஒரே தபால் பெட்டி. கடிதங்களில் 'மூத்தவர்', 'இளையவர்' என்று சுருக்கெழுத்துப் போட்டுப் பிரிக்க வேண்டும். அந்தத் தொல்லைக்காகவே மகனுக்கு வேறு பெயர் வைத்தேன் என்றார்.

பெயர் குறைந்தாலும் குடும்பப் பெயர்களில் ஒளிந்திருக்கிறது. வாட்செக், வாட்ஸுலீக் என்று பல, எல்லாம் இதிலிருந்து முளைத்தவை. பிராகில் சங்கப் பாடல்களை ஆராய்ந்து, தமிழ் கற்பித்த பேராசிரியர் யாரோஸ்லாவ் வாட்செக் அப்படிப்பட்ட பெயர்க்காரர். அவர் பணியாற்றியது சார்லஸ் பல்கலைக்கழகம், ஞானஸ்நானத்தில் வாட்ஸ்லாவாக இருந்தவர் தொடங்கியது. அவருக்கு முந்தைய தலைமுறையில், நம் முருகனையும் சித்தர்களையும் பற்றி எழுதிய கமில் சுவெலபில் பிராகில்தான் பிறந்தார், 1968 படையெடுப்புக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறி சிகாகோ, நெதர்லாந்து என்று வாழ்ந்தார். நம் தமிழ் நூல் முன்னுரைகளில் வெறும் கமில் சுவெலபிலாகவே இருக்கும் அவரது முழுப்பெயர் கமில் வாட்ஸ்லாவ் சுவெலபில்.